மெழுகுவர்த்தி அறையில் அத்தை

சின்ன வயதில் நான் விளையாடிய பேய் கேமை இப்போது புதுசாகச் செய்து விற்கிறார்கள். அதே பாழடைந்த ஆஸ்பத்திரி, அதே செத்துப்போன நர்ஸுகள். ஆனால் இப்போது அவர்கள் நெற்றியில் வியர்வை கூடத் தெரிகிறது. செத்தவளுக்கு எதற்கு வியர்வை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. முப்பத்தைந்து வயதுப் பொம்பளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு இதை விளையாடுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

பழைய கேமில் ஒரு சின்ன அறை உண்டு. ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி. அதை ஏற்றினால்தான் அதுவரை விளையாடியது பதிவாகும், இல்லாவிட்டால் செத்தவுடன் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மெழுகுவர்த்தியும் தாராளமாகக் கிடைக்காது, மொத்தமே பத்தோ பன்னிரண்டோதான். அதனால் எங்களுக்கு அது உயிர். அதைவிட முக்கியம், அந்த அறைக்குள் எந்தப் பேயும் வராது. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வராந்தா முழுக்க நம்மைத் தேடும் வார்டன்கூட அந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்.

புது கேமில் மெழுகுவர்த்தியே கிடையாது. அது பாட்டுக்குத் தானே பதிந்துகொள்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே சொகுசு என்று முனகிக்கொண்டே அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டில் அப்படியே இருந்தது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். கதவு திறந்து வார்டன் உள்ளே வந்தான்.

கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஃபாக்டரியில் வேலை, காலைச் சங்கு ஊதினால் போய்ச் சாயங்காலச் சங்குக்கு வருவார்கள். அந்த ஆடி மாதம் அப்பாவின் தங்கை ஒரு பையோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் தெரியும். கட்டிக்கொடுத்த பெண் வந்து நாள்கணக்கில் இருந்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அம்மா எல்லாரிடமும் ஒரே பதில் சொன்னாள்: அத்தைக்குத் தலைசுற்றல், டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அத்தைக்குத் தலை சுற்றி நான் ஒருநாளும் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணி லாரியிலிருந்து நேராக நடந்து வருவாள். ஆடிப் புழுக்கத்தில் எல்லாரும் வெந்துகொண்டிருக்க, அவள் மட்டும் முழங்கைக்குக் கீழே வரை ஜாக்கெட் போட்டிருப்பாள். அதைவிடப் பெரிய கூத்து, அப்பா முன்னால் கிளம்பிப் போனதும் அம்மா அத்தையை உள்ளே வைத்து முன்கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் அவருக்கு முன்னால் வந்து திறந்துவிடுவாள். நானும் அண்ணனும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்கதவை மூன்று தட்டுத் தட்ட வேண்டும், அப்புறம்தான் அத்தை தாழ் திறப்பாள். ஏன் என்று கேட்டால், அவள் தூங்குவாள், யாரும் வந்து எழுப்பக் கூடாது என்று அம்மா சொன்னாள். நான் நம்பவில்லை. நான் அந்த வயதில் யாரையுமே நம்பமாட்டேன், பால்காரர் தண்ணி கலக்கிறாரா என்று தினமும் விரலை விட்டுப் பார்ப்பேன்.

மாமா வேறு மாதிரி. கரையான்சாவடி மெயின் ரோட்டில் அவருக்கு சிடி கடை. எங்கள் வீட்டு கேம் பெட்டியே அவர் கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கில் வருவார், எனக்கும் அண்ணனுக்கும் மிக்சர் பொட்டலமும் புது சிடியும் கொண்டுவருவார். அத்தையை எப்போது அனுப்புகிறீர்கள் என்று அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்பார். உடம்பு சரியானதும் நானே கொண்டுவந்து விடுகிறேன் மாப்பிள்ளை என்று அப்பா சொல்வார். மாமா தலையை ஆட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, அத்தை பகலில் என்ன பண்ணுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறதா, யாராவது வந்து போகிறார்களா என்று விசாரிப்பார். பொண்டாட்டி மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு உருகிப் போகும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் கேம் விளையாட எங்களுக்கு அனுமதி. அத்தை பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு சனிக்கிழமை வார்டன் துரத்த, நான் ஓடிப்போய் மெழுகுவர்த்தி அறைக்குள் நுழைந்துகொண்டேன்.

"அவன் ஏன் உள்ள வரல?" என்று அத்தை கேட்டாள்.

"இங்க வரக் கூடாது அத்தை. அதான் ரூல்."

"அவன்கிட்ட சாவி இருக்குல்ல?"

"இருந்தாலும் வரமாட்டான். ரூல்னா ரூல்தான்."

அத்தை கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் நின்றாலும் வரமாட்டானா என்று திரும்பக் கேட்டாள். விடிய விடிய நின்றாலும் வரமாட்டான் என்றேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் எனக்குத் தெரிந்தது கல்யாணமான இவளுக்குத் தெரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

அடுத்த சனிக்கிழமை கேமைப் போட்டால் ஒரு மெழுகுவர்த்தி குறைகிறது. எனக்குப் பகீரென்றது. விளையாடிய நேரம் திரையின் ஓரத்தில் தெரியும், அது ஏழு மணி நேரம் கூடியிருந்தது. ஆனால் ஒரு கதவு புதுசாகத் திறக்கவில்லை, ஒரு குண்டு செலவாகவில்லை. ஏழு மணி நேரம் யாரோ அந்த அறைக்குள் சும்மா நின்றிருக்கிறார்கள். அண்ணன்தான் என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். பண்ணிவிட்டு, நீதான் திருடி என்று என் மண்டையில் குட்டினான்.

நான் விடுவேனா? கன்ட்ரோலர்மேல் பவுடரைத் தூவி வைத்தேன். பெட்டியின் மூடியில் என் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டினேன். காலையும் மாலையும் யாருக்கும் தெரியாமல் கேமைப் போட்டு, அது காட்டும் நேரத்தைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். முடி அறுந்தது, பவுடர் அழிந்தது, இன்னும் இரண்டு மெழுகுவர்த்தி போனது. எல்லாம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது. அப்புறம் என்ன, வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட ஆள் ஒருத்திதானே இருக்கிறாள்.

ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை என்று மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். அண்ணன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நான் கதவைத் தட்டாமல், பின்பக்கம் போய்ச் சாக்கடை ஓரத்துக் கல்லில் ஏறி, சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். கூடத்தில் டிவி ஓடியது, சத்தமில்லை. அத்தை தரையில் சுவரோடு சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்ட்ரோலர் பக்கத்தில் கிடந்தது. டிவிக்குள் அந்த அறை, மெழுகுவர்த்தி, கதவைப் பார்த்தபடி நிற்கும், கேமில் நாங்கள் ஓட வைக்கும் அந்தப் பெண். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு என் மூன்று மெழுகுவர்த்தியா என்று வயிறு எரிந்தது.

அப்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது. யாரோ முன்கதவுப் பூட்டை இழுத்து ஆட்டினார்கள். பூட்டு கதவில் டக்டக்கென்று மோதியது. அத்தை எழுந்து போவாள் என்று பார்த்தேன், அசையவில்லை. காலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து பைக் கிளம்பியது. சந்து வழியாக ஓடிப்போய்ப் பார்த்தேன். போவது மாமா.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலை வெட்டி இல்லாமல் நாள் முழுக்க கேம் ஆடத்தான் அத்தைக்குத் தலைசுற்றல். அதற்கு அம்மாவும் உடந்தை. வேகாத வெயிலில் பாவம் மாமா வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். கேம் நின்றுவிடும் என்று அத்தை ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. எவ்வளவு அழுத்தம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமா மிக்சரை என்னிடம் கொடுத்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அத்தை சமையலறை நிலைப்படியில் நின்றாள்.

"புதன்கெழமை இந்தப் பக்கம் வந்தேன். ஊடு பூட்டிக் கீதே, எங்க போயிருந்தீங்க?" என்று மாமா கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்ததாக அம்மா சொன்னாள். தலைசுற்றல் இன்னும் நிற்கவில்லையாம், டாக்டர் இன்னும் ஒரு மாதம் ரெஸ்ட் சொல்லியிருக்கிறாராம்.

அன்று காலைதான் சண்டே ஸ்கூலில் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடந்திருந்தது. கணக்கு நோட்டு வேறு மடியில் இருந்தது.

"அம்மா பொய் சொல்றாங்க மாமா. அத்தை உள்ளதான் இருந்தாங்க. அம்மா வெளிய பூட்டிட்டுப் போயிருவாங்க. நீங்க பூட்டை ஆட்டுனப்பக்கூட உக்காந்துதான் இருந்தாங்க. தலைசுற்றல்லாம் ஒண்ணும் இல்ல."

நோட்டைத் திறந்து நேரமெல்லாம் வாசித்துக் காட்டினேன். மாமா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கெட்டிக்காரப் பாப்பா என்று என் கன்னத்தைத் தட்டினார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பூட்டு விஷயம் அவருக்கே தெரியாதாம். மாப்பிள்ளையிடம் பொய் சொல்லும் குடும்பமாகிவிட்டோமே என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உடம்புதான் நல்லாருக்கே. பையை எடுத்து வை" என்று அப்பா அத்தையிடம் சொன்னார்.

அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். இன்னும் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். அப்பா காதில் வாங்கவில்லை. அத்தை உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் பையோடு வந்தாள். அம்மா என்னை அடிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன், அடிக்கவில்லை. என் பக்கமே அவள் திரும்பவில்லை.

அடுத்த வருஷம் அத்தை மாமாவை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டாள். அப்போது அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, பட்டாபிராமில் கூடப் படித்தவள் ஒருத்தி வீட்டில் போய் இருந்தாள். இடது கை சரியாக மடங்காமல்தான் வந்தாளாம். எங்களுக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். அவள் எங்கே இருக்கிறாள் என்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம் என்று அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொல்வது என் காதில் விழுந்தது. எனக்கு ரோஷமாகப் போய்விட்டது. நான் கண்டுபிடித்ததில் எது தப்பு? அத்தைக்குத் தலைசுற்றல் இல்லை, சரி. அம்மா சொன்னது பொய், சரி. உள்ளே ஆள் இருந்தது, சரி. இன்றைக்கும் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா பைக்கை உதைத்துக் கிளப்பினார். அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நான் கேட் வரைக்கும் ஓடிப்போய், டாட்டா அத்தை என்று கை ஆட்டினேன். மாமாதான் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினார். அத்தை திரும்பவில்லை. கேம் போன கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.