தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்

சாகக் கிடந்த என் கணவர் கேட்ட ஒரே கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வாய் வராமல் அல்ல... வேண்டுமென்றே!

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

அவர் பெயர் அந்தோணி. கல்லாவியிலிருந்து ஓசூருக்கு வந்து, இரும்பு உருக்கி வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடமே மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். புல்லைப் பிடுங்குவார். மெழுகுத்திரி ஏற்றுவார்.

“பாப்பா ஆண்டவர்கிட்ட இருக்கறா மேரி. நாம போய்ப் பாப்பம்” என்பார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் சாப்பிட்டார், தூங்கினார், ஷிப்டுக்குப் போனார். எனக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அவருடைய நிம்மதியைக் கண்டு எனக்குப் பொறாமை... ஆம், பொறாமைதான்! என்னோடு சேர்ந்து இடிந்துபோகாமல் இந்த மனிதர் எப்படி நிமிர்ந்து நிற்கலாம்?

ஒரு கல்லறைத் திருநாளன்று, அவர் திரி ஏற்றக் குனிந்தபோது வெடித்துவிட்டேன்.

“அங்க மண்ணுதாங்க இருக்குது. பாப்பாவும் இல்ல, ஆண்டவரும் இல்ல. யார ஏமாத்தறீங்க?”

அவர் கையிலிருந்த தீக்குச்சி விரல் வரை எரிந்தது.

அதன்பின் “போய்ப் பாப்பம்” என்று அவர் சொன்னதேயில்லை. பூசைக்குப் போனார், அங்கே பாடும்போது மட்டும் அவர் குரல் கேட்கவில்லை. ஒற்றை அறை வீட்டில் இருவரும் தனித்தனியாக வாழ்ந்தோம்.

சில வருடங்களில் தொழிற்சாலைத் தூசி அவர் நெஞ்சைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு மதியம், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மேரி... நீ அன்னிக்குச் சொன்னது நெசமா? பாப்பாவ நான் பாக்க மாட்டனா?”

“பாப்பீங்க”... ஒரே ஒரு சொல்! நம்பாவிட்டாலும் சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை? பொய் பேசக்கூடாது என்ற வைராக்கியமா? இல்லை. என் இருட்டுக்குள் அவரும் வந்துவிட்டார், இனி நான் தனியாள் இல்லை என்று ஒரு கணம் என் நெஞ்சு குளிர்ந்தது! இதைப் பங்குச் சாமியாரிடம் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

“தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டேன்.

“வேணாம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் காலையில் உயிர் பிரிந்தது.

மகளுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். எல்லோரும் போனபின் அவளுடைய சிலுவையைத் தொட்டேன்.

“அப்பா வந்துட்டாரா கண்ணு?”

கேட்டது என் வாய்தான்! அப்படியானால் நான் நம்பியிருக்கிறேன்... உள்ளே எங்கேயோ நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்! அந்த நம்பிக்கை அவர் கேட்ட அந்த மதியம் எங்கே போயிருந்தது?

பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் பாவமென்று ஒப்புக்கொண்டேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றார் சாமியார். மன்னித்திருப்பார். ஆனால் என்னிடம் கேள்வி கேட்டவர் ஆண்டவர் இல்லையே!

இப்போது மெய்யாகவே நம்புகிறேன்: இருவரையும் ஒருநாள் காண்பேன். துக்கப்பட்டவர்களுக்கெல்லாம் அது ஆறுதல். எனக்கோ அதுதான் பயம்.

பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் என் எதிரே வந்து நிற்பார். அப்போது... நீங்களே சொல்லுங்கள்... எந்த வார்த்தையை நான் முதலில் எடுப்பேன்?