சுவர் வழியே கேட்ட படம்

முப்பது வருஷம் தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டர், ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த ஆம்ப்ளிஃபயர். முன்பக்கம் இரண்டு கண்ணாடிக்குழாய் வால்வுகள், உள்ளே டிரான்சிஸ்டர்கள். குரலுக்குக் கனிவை வால்வு தரும், இடிக்கு வலுவை டிரான்சிஸ்டர் தரும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம், வால்வுகள் சூடேறிச் சிவந்ததும், பழைய படமொன்றைப் போட்டார். கூட இருந்து பார்த்த மனைவி பாதியில் எழுந்து, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. பின்னாலேயே போனார்.

"ஏன், சத்தம் நல்லா இல்லையா?"

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நம்ம தியேட்டர் டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்து, நூறு நாளும் இந்தப் படத்தைச் சுவர் வழியாத்தானே கேட்டேன். இப்படிக் கேட்டாத்தான் எனக்கு அந்தப் படமா இருக்கு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தில் ஆளில்லாமல் படம் ஓடியது. சுவர் வழியே வயலின் மெல்லக் கசிந்தது.

"இப்போ கதாநாயகி கதவைத் திறப்பா," என்றாள்.

சுவருக்கு அப்பால், படத்தில் கிரீச்சென்று கதவு திறந்தது.

நூறு நாளும் அந்தப் படத்தை ஓட்டியவர், ஒன்றுமே தெரியாதவர்போல, "அப்புறம்?" என்று கேட்டார்.