ஒரு கோழிக்கு எத்தனை மணித்தியாலம்

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், மல்வேர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். பாரிஸில் இருந்த என் தம்பியின் அகதிக் கேஸை அந்த மாரியில் நிராகரித்துவிட்டார்கள். அவன் வேறு நாட்டுக்கு மாற வேண்டும். எந்த நாடு என்று விசாரித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் காட் வாங்கி எல்லாச் சொந்தத்துக்கும் கோல் எடுக்கிறவள் நான்தானே. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். தம்பிக்கு அது பகிடி.

“கணக்கிலை நீ புலியல்லோ அக்கா. பார்த்துச் சொல்லு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழையாகச் சொன்னால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்னால் போய்விடும். பயந்து பயந்துதான் ஒவ்வொரு இலக்கத்தையும் அழுத்தினேன். ஜேர்மனியில் கணவரின் மச்சான், நோர்வேயில் பெரியம்மாவின் மகன், சுவிஸில் என்னோடு படித்த ஒருத்தியின் அண்ணன். ஆகக் குறைந்த சம்பளம் என்ன என்று கேட்டால், அப்படி ஒரு சட்டமே இங்கே இல்லை, முதலாளி தருவதுதான் சம்பளம் என்றார்கள். பிராங், மார்க், குரோனர் என்று அவர்கள் சொன்ன காசுகளும் எனக்கு விளங்கவில்லை. அதனால் காசைக் கேட்பதையே விட்டுவிட்டேன். ஒரு கோழி வாங்க எத்தனை மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும், மாத வாடகைக்கு எத்தனை நாள், இவ்வளவுதான் கேட்டேன். சுவிஸில் கோழி ஆக விலை. ஆனால் வாடகைக்கு மூன்று நாள் உழைப்பே போதும் என்றார் அந்த அண்ணை. கோழி இல்லாமல் இருக்கலாம், கூரை இல்லாமல் இருக்கலாமா? சுவிஸுக்குப் போ என்று தம்பிக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வெளிக்கிடுவதாகச் சொன்னான்.

வியாழக்கிழமை, பேக்கரியில் பாண் பைக்கற் பண்ணும் வேலை முடிந்து வந்து, குசினி அலுமாரித் தட்டுக்குப் புதுக் கடதாசி ஒட்ட உட்கார்ந்தேன். நாலரை மணிதான். பனி மூடிய யன்னலில் வெளிச்சம் போய்விட்டது. பானைகளை வெளியே எடுத்துவிட்டு ரோர்ச்சோடு தலையை உள்ளே விட்டேன். கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுத்து.

பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிஸ், கனடா. மேலே கோழி, வாடகை. காசு எங்கும் இல்லை. மணித்தியாலமும் நாளும் மட்டும். நான் ஒரு துண்டில்கூட எழுதி வைக்காத என் கணக்கு, முன்பின் தெரியாத ஒருவரின் கையெழுத்தில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஹீற்றர் உறுமத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

சுவிஸ் வாடகை மூன்று நாள். அதே மூன்று. ஆனால் நான் கேட்க மறந்த ஒன்றை அந்த ஆள் கேட்டிருந்தார். மூன்றாவது வரிசைக்கு மேலே ‘தலை’ என்று இருந்தது. சுவிஸுக்கு நேரே ஒன்பது.

ஒன்பது பேர் ஒரு அறையில். எல்லாரும் தங்கள் பங்கை மட்டும்தான் வாடகை என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கனடாவுக்கு நேரே தலை ஒன்று. அந்த வரியில் மற்ற இடமெல்லாம் வெறுமை.

மேலே ஓடினேன். வீட்டுக்கார அன்ரி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. எங்களுக்கு முதல் ஒரு பெடியன் இருந்தவன், போன தை மாதம் வேலைக்கென்று போனவன், பிறகு வரவேயில்லை என்றா. தேடி ஆளும் வரவில்லையாம்.

“ஸ்நோ சப்பாத்தைப் போடாமல் போயிட்டான், பிள்ளை. அந்தக் குளிருக்கை.” அது இன்னும் படிக்குக் கீழேதான் கிடக்கிறது என்று கையைக் காட்டினா.

கீழே வந்து பாரிஸுக்கு எடுத்தேன். தம்பி நிற்கிறானா என்று கேட்டேன். லைன் என் குரலையே எனக்குத் திருப்பித் தந்தது, தம்பி நிற்கிறானா என்று. அதற்குப் பிறகுதான் யாரோ ஒரு பெடியன் பேசினான்.

“அவன் நேற்றே வெளிக்கிட்டிட்டான் அக்கா. கார் முந்தி வந்திட்டுது.”

மூன்று கிழமை ஒரு தகவலும் இல்லை. அந்த அலுமாரியை நான் திறக்கவில்லை. பானைகளை மேசைக்குக் கீழே வைத்தே சமைத்தேன். ஏன் என்று கணவர் கேட்டார். தட்டு உக்கிப் போச்சு என்று சொன்னேன். படியில் யாரும் இறங்கினால், அவர் வேலையால் வரும் நேரமாக இருந்தாலும், எழும்பி நின்றுவிடுவேன்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை சுவிஸிலிருந்து தம்பி எடுத்தான்.

“இங்கை பரவாயில்லை அக்கா. வாடகை மலிவு.”

குரல் அவனுடையதுதான். ஆனால் சொன்ன விதம் அந்த அண்ணையுடையது. நோர்வேயில் இருந்தவரும் ஜேர்மனியில் இருந்தவரும் அதே இழுவையில்தான் இதைச் சொன்னவை.

“அறையிலை எத்தனை பேர்?” என்று கேட்டேன்.



“நான் மட்டும்தான்.”

அவனுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். பிறகு சற்றுத் தள்ளி இன்னொருவர். பிறகு, அதைவிடத் தூரத்தில், இன்னும் ஒருவர். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு எண்ணினேன். ஐந்து வரை பிடித்தேன். அதற்குள் அவன், “அங்கை எப்படி அக்கா?” என்று கேட்டுவிட்டான்.

“பரவாயில்லை தம்பி,” என்றேன்.