ஒரு வாரம் கோலாலம்பூர், ஒரு வாரம் சிங்கப்பூர்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் பதினாறு வருடம் பார்த்துக்கொண்ட இயந்திரங்களைப் பெட்டி கட்டி வேறு நாட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அடித்துக் கொடுத்தேன். கோபம் வந்தால் நான் வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்வேன். என் சுபாவம் அப்படி. பக்கத்துத் தொழிற்சாலைகளில் கேட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு வயது டெக்னீஷியனுக்கு ஏஜெண்ட் மூலம் ஒப்பந்த வேலைதான் இருக்கிறது, சம்பளம் பாதிதான் என்றார்கள். கடைசியில் இரண்டு இடத்திலிருந்து வேலைக் கடிதம் வந்தது. ஒன்று நாங்கள் கே.எல். என்று சொல்லும் கோலாலம்பூர், இன்னொன்று சிங்கப்பூர்.

கணக்கு எளிதுதான். கோலாலம்பூரில் சம்பளம் கொஞ்சம் கூட. ஆனால் வாடகையும் சாலை டோலும் பெட்ரோலும் அந்தக் கொஞ்சத்தைத் தின்றுவிடும். என் மனைவியும் இங்கே பார்க்கும் வேலையை விட்டுவிட்டு என்னோடு வர வேண்டும். சிங்கப்பூர்ச் சம்பளத்தை நம் ஊர் வெள்ளிப் பணத்துக்கு மாற்றிப் பார்த்தால் கண் கூசும். ஆனால் அங்கே குடும்பத்தோடு வீடு எடுக்க அது காணாது. நாலு பேரோடு ஓர் அறை, அதில் ஒரு கட்டில். மனைவி இங்கே எங்கள் பாயான் பாரு வீட்டிலேயே இருப்பாள். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து நான் முகத்தைக் காட்டிவிட்டுப் போகலாம்.

எனக்குக் கோலாலம்பூர்தான் வேண்டும் என்றிருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது சொல்லவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அவள் இன்னொரு தொழிற்சாலையில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து சிப்புகளில் கீறல் தேடுபவள். எனக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் அவளுக்கு இரவு. நான் பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் தன் பஸ்ஸில் ஏறுவாள். பிள்ளை இல்லை, அதைப் பற்றிப் பேசுவதையும் எப்போதோ நிறுத்திவிட்டோம். ஷிஃப்ட்தான் எங்களைக் கெடுத்தது என்று உறுதியாக நம்பினேன். ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் வாயிலிருந்து ‘சேர்ந்தே போவோம்’ என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தேன்.

“உங்களுக்கு எது சரியா படுதோ அதைச் செய்ங்க லா,” என்றாள்.

இங்கே யாரிடம் பேசினாலும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வில் எனக்குச் சுருக்கென்றது. அப்போது வந்ததுதான் அந்தக் கிறுக்கு யோசனை. தொழிற்சாலையில் எந்தப் புதுப் பொருளையும் நேராக உற்பத்தி லைனில் ஏற்ற மாட்டோம். முதலில் சோதனைக்கு ஒரு ட்ரையல் ரன் ஓட்டுவோம். கணக்குத் தீர்க்குமுன் எடுக்க எனக்கு இரண்டு வாரம் லீவு மிச்சம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அவளுக்குப் பகல் வேலை. ஒரு வாரம் கோலாலம்பூரில் இருப்பதுபோல் இருப்போம், ஒரு வாரம் சிங்கப்பூர், எது ஓடுகிறது என்று பார்ப்போம் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். “ஓகே, ரூல்ஸ் என்னா?” என்று கேட்டாள். அவளும் பேக்டரிக்காரிதானே.

கோலாலம்பூர் வாரத்தின் விதிகள்: அங்கே கட்டுப்படியாகும் வாடகைக்கு ஓர் அறை வீடுதான் கிடைக்கும் என்பதால் பின்னறையைப் பூட்டிவிட வேண்டும். வெளியே சாப்பிடக் கூடாது. நான் காலை ஆறரைக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத்தான் திரும்ப வேண்டும். போக இடமில்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய், யாரையோ வரவேற்கக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போவதை நினைத்தால் புது மாப்பிள்ளை போல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். “ம்” என்றாள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தொழிற்சாலையைப் பற்றிப் பேசலாம் என்றால் எனக்குத் தொழிற்சாலையே இல்லை. இரண்டாம் நாள் காற்றாடி வேகத்துக்குச் சண்டை. மூன்றாம் நாள் டிவி சத்தத்துக்குச் சண்டை. சண்டையாவது தேவலை, நாலாம் நாள் அதுவும் இல்லை. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தாள், நான் இன்னொரு ஓரத்தில் என்னுடையதைப் பார்த்தேன். அவள் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டாள் என்பதே எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. எப்போது விட்டாய் என்று கேட்டேன். “ரெண்டு வருசம் இருக்கும்,” என்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் பசியாறும்போது, ரொட்டியில் கவனமாகக் காயா ஜாம் தடவிக்கொண்டே கேட்டாள்: “இன்னிக்கும் ஏழு மணிக்கே வந்துருவீங்களா?”

குத்திக்காட்டவில்லை, சும்மாதான் கேட்டாள். ஏழுக்கு முன்னால் அவளுக்கு வேறு ஏதாவது வேலை இருந்திருக்கலாம். அன்றைக்கு ஒன்பது மணிக்குத்தான் போனேன். ஏன் தாமதம் என்று அவள் கேட்கவில்லை.

சிங்கப்பூர் வாரம் வந்தது. பின்னறையைத் திறந்து மடக்குக் கட்டிலைப் போட்டேன். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் அது சிங்கப்பூர். சாப்பாடு வெளியே, துணி நானே துவைக்க வேண்டும், அவளை நேரில் பார்த்தாலும் பேசக் கூடாது. இரவு எட்டு மணிக்கு ஒரு போன், அவ்வளவுதான். ஒருமுறை குளியலறை வாசலில் எதிர்ப்பட்டோம். “சோரி” என்று ஒதுங்கி வழிவிட்டாள், அறையில் பக்கத்துக் கட்டில்காரனுக்கு விடுவதுபோல.

ஆனால் எட்டு மணிக்குப் போன் செய்தபோது அவள் பேசினாள். லைன் லீடர் எப்படி முறைக்கிறாள், தன் அண்ணன் புதுக் காருக்கு எப்படிப் பூசை போட்டார், மார்க்கெட்டில் பழைய கெம்போங் மீனை யார் ஏமாற்றி விற்றது என்று வரிசையாகச் சொன்னாள். நானும் சொன்னேன். விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு முதலில் சுவர் வழியாக வந்தது, ஒரு கணம் கழித்துக் கைப்பேசி வழியாக வந்தது. அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை வருடமாயிற்று. எழுந்து போய்க் கதவைத் திறந்தால் அவள் முகத்தைப் பார்க்கலாம். பத்தடிகூட இருக்காது. திறந்தால் அது நின்றுவிடும் என்று தெரிந்ததால் திறக்கவில்லை.

அந்த வாரம் ஒரு சண்டையும் இல்லை. அவள் நன்றாகத் தூங்கினாள், நானும் தூங்கினேன். அதுதான் கொடுமை. கொஞ்சமாவது தூக்கம் கெட்டிருந்தால் நம்பிக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாரம் முடிந்தது. தலையணையையும் சட்டைகளையும் எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குப் போனேன். அலமாரியில் என் பாதியில் அவள் சேலைகள் அடுக்கியிருந்தன. இஸ்திரி போட்டு, ஓரம் பிசகாமல். எடுக்கக் கை நீட்டினாள்.

“இருக்கட்டும்,” என்றேன்.

“ஆமா, எதுக்கு எடுத்துட்டுத் திரும்ப வெக்கணும்,” என்றாள். பிறகு, “கே.எல்.காரங்களுக்கு என்னா பதில் சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள்.

“நீ சொல்லேன்.”

வெகுநேரம் சேலை மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “சிங்கப்பூர்ல சம்பளம் கூடதானே,” என்றாள்.

“ஆமா, கூடத்தான்,” என்றேன்.

அன்றைக்கே அவள் தன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்: சம்பளம், செலவு எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தோம், சிங்கப்பூர்தான் தோது. நல்ல முடிவு, யோசித்துச் செய்திருக்கிறீர்கள் என்று அவர் என்னிடம் பேசிப் பாராட்டினார். சாப்பாட்டுக் கடையில் கேட்டவர்களுக்கும் நான் அதையேதான் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சம்பளத்தைச் சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை.

நான் தலையணையோடு பின்னறைக்கே திரும்பியிருந்தேன். திங்கட்கிழமை காலையில் அங்கே உட்கார்ந்துதான் சிங்கப்பூருக்குச் சம்மதக் கடிதம் அனுப்பினேன். இரவு எட்டு மணிக்குக் கைப்பேசி அடித்தது. பக்கத்து அறையிலிருந்து அவள்தான்.

“சாப்டீங்களா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். அவள் லைன் லீடரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ட்ரையல் ரன் முந்தின நாளே முடிந்துவிட்டது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.