மஞ்சள் குறி போட்ட கூண்டு

எங்கள் சோதனைக்கூடத்தில் அவளுக்கு எலிக்காரி என்று பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வெள்ளெலிகளுக்குத் தீனி போடுவது, மருந்து கொடுப்பது, வேலை முடிந்ததும் கொல்வது எல்லாம் அவள்தான். எலியை மேசையில் விடுவாள். கழுத்துக்குப் பின்னால் பென்சிலை அழுத்தி, வாலை ஒரே இழுப்பு. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கூண்டு கழுவும் வேலைக்கு நான் வந்த புதிதில், அந்தச் சத்தத்தைக் கேட்டு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே மூடி வைத்தேன்.

"என்ன பெருசு, எலியே அலட்டிக்கல, உங்களுக்கு ஏன் சோறு இறங்கல?" என்று சிரித்தாள்.

அவளுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். தீவனம் இறக்க வந்த டிரைவர் ஒருவன் இடுப்பில் கை வைத்தான் என்று கூண்டு மூடியாலேயே அவன் மூக்கை உடைத்தாள். மேலதிகாரி விசாரித்தபோது, "மூடி வழுக்கிருச்சு சார்" என்றாள். மூடி எப்படி மேல்நோக்கி வழுக்கியது என்று அவர் கேட்கவில்லை. புத்திசாலி மனிதர்.

அவளுக்கு ஒரே அண்ணன். கோழிக்கடை வைத்திருந்தான். அப்பன் வீட்டை விட்டு ஓடிப்போன பிறகு, மீசை முளைக்காத வயதில் கத்தியைப் பிடித்தவன். இவள் கோழியின் காலைப் பிடித்துக்கொள்ள, அவன் கழுத்தை அறுப்பான். அப்படித்தான் இரண்டு பேரும் வளர்ந்தார்கள். அவனுக்குக் கோபமே வராது. அவன் பங்குக் கோபத்தையும் சேர்த்து இவளே எடுத்துக்கொண்டாள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

கடையின் முன்பக்கம் ஒரு சின்ன மேடை. அதில் வேகவைத்த கோழியைக் கையால் பிய்த்து, வெள்ளைச் சாஸில் புரட்டி, ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பான். எதிரே பள்ளிக்கூடம். மணி அடித்தால் பிள்ளைகள் அவன் கடையைத்தான் மொய்க்கும்.

அந்த வெயில் காலத்தில் பிள்ளைகள் வரிசையாக விழுந்தார்கள். காய்ச்சல், வாந்தி, ரத்தபேதி. பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகள் பிழைக்கவில்லை. அதில் ஒன்று, அதே தெருவில் டயர்க்கடை வைத்திருந்தவரின் மகள். சுகாதாரத் துறையினர் வந்து கோழிகளின் எச்சத்தை எடுத்துப் போனார்கள். பிள்ளைகளிடம் எடுத்ததிலும் கோழிகளிடம் எடுத்ததிலும் ஒரே கிருமி, சால்மொனெல்லா என்று செய்தி வந்தது. அந்த 'ஒரே' என்ற சொல் போதுமானதாக இருந்தது.

காலையிலேயே கூட்டம் வந்துவிட்டது. முதலில் கோழிகளை அடித்தார்கள். கூண்டோடு தூக்கித் தெருவில் எறிந்து, வெளியே வந்தவற்றை மிதித்தார்கள். படித்தவன், பதவியில் இருப்பவன், தினமும் அதே கடையில் கடன் சொல்லி வாங்கித் தின்றவன், எல்லாரும் செருப்புக் காலோடு மிதித்தார்கள். சிறகும் ரத்தமும் கணுக்கால் வரை ஒட்டியது. பிறகு அண்ணனை இழுத்தார்கள். அவன் கடை நிலைப்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "கையை எடுடா" என்று கத்தினார்கள். அவன் எடுக்கவில்லை. டயர்க்கடைக்காரர் மேலே இருந்த ஷட்டரின் கொக்கியைப் பிடித்து, முழு பலத்தோடு கீழே இழுத்தார். அது அவன் வலது கைமேல் இறங்கியது. மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினார். விரல்கள் விரல்களாக இல்லை.

நானும் எலிக்காரியும் போய்ச் சேர்ந்தபோது அவன் கோழிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தான். வாயில் மண். தங்கையைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டான்.

"என் கடைச் சாப்பாட்டாலதான் அந்தப் புள்ளைங்க செத்துச்சா?"

"இல்லண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலும் அவன் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னபோதுகூட, விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்னாலதான்னா நான் இருக்க மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன். எலிக்காரி அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், சமையலறைக் கத்திகளை எல்லாம் எடுத்து எங்கள் சோதனைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அவள் கணவன் லாரி ஓட்டுபவன், ஊரில் இருப்பதே அபூர்வம். வீட்டில் அண்ணனும் அவளுடைய நான்கு வயது மகளும்தான்.

எங்கள் பெரிய டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பேரு ஒண்ணுங்கிறதால குணமும் ஒண்ணுன்னு ஆயிடாதும்மா. ஒரே வீட்டுப் புள்ளைங்கள்ல ஒண்ணு சாது, ஒண்ணு முரடு இல்லையா? கோழி வயித்துல இருக்கிறது மனுஷனைத் தொடாம போகலாம். மனுஷன்கிட்ட இருந்து வந்தது கொல்லலாம். எலிக்குக் குடுத்துப் பார்த்தா ஓரளவு தெரிஞ்சிடும்" என்றார்.

"நானே குடுக்கிறேன்."

"குடு. ஆனா எது யாருதுன்னு சொல்ல மாட்டேன். உன் கை ஒரு பக்கம் சாயக் கூடாது."

அப்படித்தான் சிவப்புக் குறி போட்ட குப்பி ஒன்றும் நீலக் குறி போட்டது ஒன்றும் வந்தன. சில நாள் கழித்து மஞ்சள் குறியோடு மூன்றாவது ஒன்று வந்தது. எலிக்காரி ஒவ்வொரு எலியையும் பிடரியில் பிடித்துத் தூக்கி, மொட்டை ஊசியைத் தொண்டை வழியாக இறக்கி, ஒரே அளவாகக் கொடுத்தாள். அதே குறிகளைக் கூண்டுகளிலும் ஒட்டினோம்.

சிவப்புக் கூண்டு முதலில் அடங்கியது. எலிகள் முதுகைக் கூனி, ரோமம் சிலிர்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. கண்கள் ஒட்டிக்கொண்டன. பின்பக்கம் ஈரமாகி, மரத்தூள் கருத்துப்போனது. ஒன்று செத்தால் மற்றவை அதன்மேலேயே படுத்துச் செத்தன. வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் மண்ணீரல் கன்றி வீங்கியிருந்தது, ஈரலில் வெள்ளைப் புள்ளிகள். பக்கத்திலேயே நீலக் கூண்டு எலிகள் ஒரு நாள் சோர்ந்து கிடந்துவிட்டு, மறுநாளே தீனிக்குச் சண்டை போட்டன. என்ன ஒரு அட்டகாசம்! ஒன்று இன்னொன்றின் காதைக் கடித்தது. எலிக்காரி கூண்டுக்கு முன்னால் நின்று, "தின்னுடா, தின்னு" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். "நீலம்தான் கோழியோடது. சிவப்பு அந்தப் புள்ளைங்ககிட்ட எடுத்தது. ரெண்டும் வேற வேற."

"அப்ப எங்க அண்ணன் கோழி கொல்லல."

"கோழி கொல்லல. ஆனா மஞ்சள் இன்னும் முடியல. அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காத."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அந்தக் கூட்டத்தில் ஒருவனையாவது நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று எனக்கும் ஆத்திரம். ஆனால் அவள் கேட்கப் போகவில்லை.

டயர்க்கடைக்காரர் குனிந்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டயர் நெம்பும் கம்பி கிடந்தது. அதை எடுத்து அவர் தோளில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் சக்கரத்தின்மேல் விழுந்தார்.

"எங்க அண்ணன் கோழியில ஒண்ணுமில்ல! கேட்டுதா? ஒண்ணுமில்ல! எந்த விரலைத் திருப்பிக் குடுப்ப?"

மறுபடி ஓங்கினாள். நான் கம்பியைப் பிடித்தேன். என் உள்ளங்கை கிழிந்தது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அன்றைக்குக் கோழியை மிதித்த கால்கள் ஒன்றும் முன்னால் வரவில்லை. டயர்க்கடைக்காரர் எழுந்திருக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தோளைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அப்ப என் புள்ளைய எதும்மா கொன்னுச்சு?" என்று கேட்டார்.

அவள் கம்பியைப் போட்டுவிட்டு நடந்தாள். வீட்டுக்குப் போய் அண்ணனிடம், கோழி இல்லை என்று சொன்னாள். அவன் இடது கையால் அவள் காலைத் தொட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான் என்று பிறகு என்னிடம் சொன்னாள். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டானாம். மறுநாள் காலை பூட்டி வைத்த கத்திகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவதற்குள் மஞ்சள் கூண்டில் எல்லா எலிகளும் செத்துவிட்டன. சிவப்பில் செத்த அதே மாதிரி, கூனி, நடுங்கி, ஒன்றன்மேல் ஒன்று. "இதுவும் யாரோ ஒரு புள்ளையோடதுதான் போல" என்று சொல்லிக்கொண்டே அவற்றைப் பையில் போட்டாள். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். நான் போகப் பார்த்தேன். "நீங்களும் இருங்க" என்றார்.

"மஞ்சள், உங்க அண்ணன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவர்கிட்ட எடுத்தது."

எலிக்காரி சிரித்தாள். "அவருக்கு ஒண்ணுமே இல்லையே. நல்லாத்தான் இருக்காரு."

"அவருக்கு ஒண்ணும் பண்ணாது. சிவப்பும் இதுவும் ஒண்ணுதான். எப்பவோ காய்ச்சல் வந்து போயிருக்கும். குணமானாலும் கிருமி உள்ளேயே தங்கிடுச்சு. கோழியை வேகவெச்சப்ப கோழியோடது செத்துப்போச்சும்மா. அதுக்கப்புறம் பிய்ச்சுப் போட்டது அவர் கைதானே. வெயில்ல கிடந்து பெருகியிருக்கு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "மாத்திரை குடுத்துச் சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் அவர் யாருக்கும் சாப்பாட்டைக் கையால தொட்டுக் குடுக்கக் கூடாது."

அவள் முகத்தில் நான் பார்த்ததை எழுதத் தெரியவில்லை. கத்திப் பை மேசையிலேயே கிடந்தது. ஓடினாள். என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். என் சட்டையைப் பிடித்த பிடியில் தையல் விட்டது.

கதவு திறந்தே இருந்தது. அண்ணன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட வலது கை மடியில். இடது கையால் தட்டில் பிசைந்து, மருமகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். பல நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரே ஒரு வாய். மாமாவுக்காக" என்றான்.

எலிக்காரி ஓடிப்போய்த் தட்டை எட்டி உதைத்தாள். அது சுவரில் மோதி உடைந்தது. மகளின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, இருந்ததை எல்லாம் தோண்டி எடுத்தாள். குழந்தையின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அது வீறிட்டு மாமாவிடம் தாவியது. அவன் அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினான்.

"தொடாத!" என்று அவள் கத்தினாள்.

அவன் கை அப்படியே நின்றது. தங்கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோழி இல்லன்னு சொன்னியே" என்றான்.

"கோழி இல்லண்ணே" என்றாள் அவள்.

அவன் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தான். விரல்களில் சாப்பாடு ஒட்டியிருந்தது. அதைச் சட்டையில் துடைத்தான்.