அத்தானின் ஈரப் போர்வை

அக்காவின் கணவர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அந்தச் சித்திரையில், அவர் சொன்ன எதையும் நான் முழுதாக நம்பவில்லை. ஏசி ஆபீஸில் ஸ்டோர் கீப்பர் வேலை, வெயில் மேலே படுவதே கிடையாது என்பார். அதே இடத்தில் என் அண்ணனுக்கும் விசா இருக்கிறதாம். அதற்காக எங்கள் நிலத்தை விற்க வேண்டும். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவும் மற்றவர்களும் கொடி பிடித்து, அடி வாங்கி, சிறைக்கும் போய்வந்த பிறகு அரசு அளந்து கொடுத்த நிலம் அது. வேறு நிலம் கிடையாது.

நான் ஏசி பழுதுபார்க்கும் படிப்பை முடித்திருந்தேன். எதையும் பிரிப்பதற்கு முன் அறிகுறிகளை வரிசையாகப் பார்க்கச் சொல்லித் தந்திருந்தார்கள். அத்தானுக்குக் கண்ணைச் சுற்றி மட்டும் கருத்திருந்தது. மூக்குக்குக் கீழே, துணி கட்டி மறைத்ததுபோல வெளுப்பு. பேச்சுக்கு நடுவே, வேர்த்துக் கொட்ட உழைக்கிறவர்களைப்போல, கை போன போக்கில் குடிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டுக்கொள்வார். இவற்றுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று விட்டுவைத்தேன்.

ஒரு மதியம் கரண்ட் போனது. அத்தான் போர்வையை நனைத்துப் பிழிந்து, உடம்பில் சுற்றிக்கொண்டு சன்னலோரம் படுத்தார். கொஞ்ச நேரத்தில் புழுக்கம் தாங்காமல் எழுந்து, இங்கே ஏன் இது குளிரவே மாட்டேன் என்கிறது என்று எரிச்சல்பட்டார். எனக்குக் காரணம் தெரியும். பாலைவனக் காற்று காய்ந்தது. ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும், துணி சில்லிட்டுவிடும். எங்கள் ஊர்க் காற்றில் ஏற்கெனவே கடலின் ஈரம் நிறைந்திருக்கிறது. ஏசியில் உட்காருகிறவர் இந்த உபாயத்தைக் கற்றுக்கொள்ள அவசியமே இல்லை.

மறுநாள் பத்திரம் எழுதுவதாக இருந்தார்கள். அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

“ஏசி ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு ஈரப் போர்வை எதுக்குங்க அத்தான்?”

அவர் சிரித்தார். “ஏசி படிச்சாலும் படிச்ச, ஆளையும் கழட்டிப் பாக்குற.”

அப்பா சிரிக்கவில்லை. “எங்க வேலை பாக்குறீங்க மாப்ள?”

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, வெட்டவெளியில் குழாய் பதிக்கிற வேலை என்றும், உச்சி வெயிலில் கையுறை போடாமல் இரும்பைத் தொட முடியாது என்றும் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று சொன்ன பொய்யாம். அப்புறம் மாற்ற முடியவில்லையாம். அண்ணனுக்கும் அதே வேலைதான்.

அண்ணன் பின்வாங்குவான் என்று நினைத்தேன். வெயில் என்ன நமக்குப் புதுசா, நான் போகிறேன் என்றான்.

“வெயில்ல நிக்கிறதுக்கு நெலத்த விக்கணுமா?” என்றார் அப்பா. “அதுக்கு இங்கயே நிக்கலாம்.”

பத்திரப் பேச்சு அதோடு நின்றது. அண்ணன் தட்டிலேயே கை கழுவிவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனான். அக்கா, அங்கே குடிக்கிற தண்ணீராவது சில்லென்று கிடைக்குமா என்று அத்தானிடம் கேட்டாள்.

“தொட்டித் தண்ணி, கொதிக்கும்,” என்றார் அவர். “ஆற வச்சுத்தான் குடிப்போம்.”