நாலு கோபுரமும் ஒரு மாத்திரையும்

போன ஞாயிறு காலை, மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கிளம்பியவர்கள்: எங்கள் தையல்காரர் சங்கத் தலைவர் கோவிந்தன். ஜாக்கெட் தைக்கும் மாசிலாமணி. என் தங்கை செல்வியின் புருஷன் ராஜாங்கம். நான்.

சிதம்பரத்தில் தையல்காரர்கள் மாநாடு. நாலு பேருக்கும் ஒரே நீலத்தில் சட்டை. ஒரே பீஸில் வெட்டியது நான்தான். கடைசியில் துணி பத்தவில்லை. ராஜாங்கம் சட்டைக்கு மட்டும் பாக்கெட் வைக்கவில்லை.

"மாநாட்டுக்குத்தானே மச்சான்... யாரு பாக்கப் போறா?" என்றான்.

பாக்கெட் இல்லை. வேட்டி வேறு. அதனால் அவன் செல்போன் என் பையில். மாத்திரையும் என் பையில்.

அவனுக்கு வலிப்பு உண்டு. பகல் பன்னிரண்டரைக்கு மாத்திரை. தவறினால் வரும். போன தடவை தவறியபோது ஓடுகிற மிஷின் மேலேயே சாய்ந்தான். புருவத்தில் ஆறு தையல்.

செல்வி பஸ் வரைக்கும் வந்தாள். "அண்ணே, உன்ன நம்பித்தான் அனுப்புறேன். எப்பிடிப் போறாரோ அப்பிடியே கொண்டாந்து வுடு."

குடிகாடு வந்ததும் கெமிக்கல் கம்பெனி நெடி அடித்தது. எல்லோரும் ஜன்னலை இறக்கினோம். மூக்கைப் பொத்திக்கொண்டே கோவிந்தன் சொன்னார்.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். எவனாவது தவறிட்டா கோபுரத்துக்கிட்டப் போயி நில்லு. தேடிக்கிட்டு வருவோம்."

"தலைவரே, போன மாநாட்டுல தவறுனது நீங்கதான். சாப்பாட்டுப் பந்தியிலதான கண்டுபுடிச்சோம்" என்றார் மாசிலாமணி.

சிரித்தோம். சிதம்பரத்தில் கோபுரம் நாலு. எந்தக் கோபுரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஊர்வலம் கீழ வீதியில் போனது. "ஒதுங்கிட்டு வர்றேன்" என்று ராஜாங்கம் ஒரு சந்துக்குள் போனான். மணி பதினொன்றரை. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்தேன். அவன் இல்லை.

எங்கும் நீலச் சட்டை. எந்த ஊரானும் நீலம்தான் எடுத்திருக்கிறான்.

கிழக்குக் கோபுரத்துக்கு ஓடினேன். இல்லை. வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் ஆளிடம் அடையாளம் சொன்னேன். "பாக்கெட் இல்லாத சட்டை... புருவத்துல தழும்பு."

"இவ்ளோ நேரம் நின்னாரே. இப்பத்தான் அந்தாண்ட போறாரு" என்று தெற்கே கை காட்டினார்.

தெற்குக் கோபுரத்துக்குப் போனேன். இல்லை. மேற்கு. இல்லை. "இப்பத்தான் போனாரு" என்றார்கள். வடக்கு. இல்லை.

மணி பன்னிரண்டே கால். மறுபடியும் கிழக்கு. மறுபடியும் தெற்கு. வீதியில் பஸ், லாரி, மாட்டு வண்டி. எங்காவது கூட்டமாக ஆட்கள் குனிந்து நின்றால் என் கால் நின்றுவிடும். அவனோ? ஒரு இடத்தில் கிட்டே போய்ப் பார்த்தேன். பாதி விலையில் பிளாஸ்டிக் குடம்.

மணி ஒன்று. செல்போன் அடித்தது. அவனுடையது. 'செல்வி' என்று காட்டியது. எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

மேற்கு வாசலில் பூ விற்கும் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னாண்ண, வேண்டுதலா? ரெண்டாவது தரமா ஓடுற?"

"ஆள தேடுறேம்மா. பாக்கெட் இல்லாத நீலச் சட்டை."

"அவரா? அவரும்தான் ரெண்டு தரம் வந்தாரு. அவரும் இப்பிடியே போறாரு, நீயும் இப்பிடியே போற. எப்பிடிண்ண கண்டுபுடிப்ப? வந்த வழியே திரும்பிப் போ!"

அப்போதுதான் உறைத்தது. அவனும் வலமாகச் சுற்றுகிறான். நானும் வலமாகச் சுற்றுகிறேன். கோயிலை யார் இடமாகச் சுற்றுவார்கள்? வளர்ப்பு அப்படி. இரண்டு பேரும் முறையாக நடந்தால் சாயங்காலம் வரை நடக்க வேண்டியதுதான்!

திரும்பினேன். இடமாக நடந்தேன். சங்கடமாகத்தான் இருந்தது. சாமி மன்னிக்கட்டும்.

தெற்கு வீதி பாதியில் வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு. இடது கட்டை விரல் துடித்துக்கொண்டிருந்தது. அதுதான் முதல் அறிகுறி. வலது கையால் அதை அமுக்கிப் பிடித்திருந்தான்.

"எங்க மச்சான் போன? ஒவ்வொரு கோபுரமா நின்னு பாத்தேனே..."

"பேசாத. வாயத் தொற."

மாத்திரையைப் போட்டேன். டீக்கடையில் தண்ணீர் கேட்டு வாங்கினேன். நிழலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். துடித்தது... துடித்தது... அடங்கியது. வரவில்லை. ஒரு மணி நேரம் நான் விரலை விடவில்லை.

மாநாட்டில் என்ன தீர்மானம் போட்டார்கள்? தெரியாது. கோவிந்தன் சொன்னார், மறந்துவிட்டேன்.

சாயங்காலம் செல்வியிடம் ஒப்படைத்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். பாக்கெட் இல்லாத அவன் சட்டையைத் தடவிப் பார்த்தாள். அது இன்னும் மோசம்.

மறுநாள் கடைக்கு வந்தாள். அந்த நீலச் சட்டையை என் மிஷின் மேல் வைத்தாள். "தச்சிக் குடு" என்றாள். அவ்வளவுதான்.

நீலத் துணி இல்லை. என் சட்டையைப் பிரித்தேன். அவன் சட்டையில் இப்போது பாக்கெட் மூன்று.